ஆறாவது பாட்டில்

ஜனவரி 12, ஞாயிறு

அன்புள்ள நாக்காருக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போன பிப்ரவரிக்குப் பிறகு ஒரு வரி எழுதியிருந்தால் இப்படி நானாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்காது.

நமக்குள் கடிதம் என்றால் பிப்ரவரி இரண்டாம் ஞாயிறுதான். ஒரு மாதம் முன்னாலேயே உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பீர்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. முதலாளிக்கு முழங்கால் வலி. நிலவறைப் படியில் இறங்கும்போது படியைத் திட்டுகிறார், ஏறும்போது எங்களைத் திட்டுகிறார்.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை வெளியூரிலிருந்து ஒயின் வாங்குபவர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக முதலாளி நம் கலவையில் ஒரு பாட்டிலைத் திறந்தார். நாம் இருவரும் சேர்ந்து கலந்த முதல் கலவை. நம் கல்யாணத்துக்கு அவர் மரப்பெட்டியில் பன்னிரண்டு பாட்டில் வைத்துக் கொடுத்தாரே, அதேதான். கிளாஸை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு வாய் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"இப்பதாம்மா இது மனுஷனாகியிருக்கு. முன்னாடியெல்லாம் வாய்க்குள்ள போனா மூணு திராட்சையும் மூணு பக்கம் இழுக்கும். இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை. அப்புறம் இறங்குமுகம்தான்."

வந்தவர்கள் போனபிறகு, என்னைப் பார்க்காமல், கிளாஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அவன் எப்படி இருக்கான்?" நான்கு வருஷத்தில் முதல் தடவை. "நல்லா இருக்கார் சார், லெட்டர் போடுவார்" என்றேன். வருஷத்துக்கு ஒன்று என்று சொல்லவில்லை.

நீங்கள் வீட்டைவிட்டுப் போன அன்று கட்டில், பீரோ, புத்தகம் எதற்கும் நமக்குள் தகராறு வரவில்லை. அந்த மரப்பெட்டி முன்னால்தான் இருவரும் நின்றுவிட்டோம். ஏழு வருஷம் தொடக்கூடாது என்று கட்டிக் காத்த பெட்டி. கடைசியில் ஆளுக்கு ஆறு. அப்போதுகூட நீங்கள் தொழிலை விடவில்லை: வருஷத்துக்கு ஒன்று, ஒரே நாள், காலை பதினோரு மணி, அவரவர் வீட்டில். ருசித்ததை உடனே எழுதி, மற்றவர் கடிதம் வருவதற்கு முன்னால், அன்றைக்கே தபாலில் போட்டுவிட வேண்டும். ருசி பார்க்கும் அறையில் வாயைத் திறப்பதற்கு முன் அவரவர் தாளை எழுதி மடித்து வைப்போமே, அதே விதி. போன் கூடாது. அந்த விதி இல்லாவிட்டால் நமக்குள் பேச்சே இருந்திருக்காது என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

இப்போது உங்களிடம் இரண்டு, என்னிடம் இரண்டு. ஐந்தாவதை அடுத்த மாதம் வழக்கம்போல் திறப்போம். ஆறாவதை ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டாம் என்று தோன்றுகிறது. ஏப்ரலில் இங்கே வாருங்கள். என் கடைசி பாட்டிலை ஒரே மேஜையில் உட்கார்ந்து திறப்போம். அதற்குப் பிறகு நீங்கள் ரயில் ஏறத்தான் வேண்டுமா என்பதையும் அந்த மேஜையிலேயே பேசிக்கொள்வோம்.

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

உங்கள்
மூக்கு

---

ஜனவரி 23

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

உறையைப் பார்த்துப் பதறியது உண்மை. பிரிக்காமல் அரை மணி நேரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். ஹோட்டல் பின்கட்டில் எங்களுக்கென்று ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் பிரித்தேன். கேக் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி அதே பெஞ்சில் மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தாள். "இந்தக் காலத்துல லெட்டரா? கோர்ட்டு நோட்டீஸா?" என்றாள். இல்லை, ஒயின் நோட்டீஸ் என்றேன்.

முதலாளி என்னைப் பற்றிக் கேட்டார் என்று எழுதியிருந்தாய். அதை நான்கு தடவை படித்தேன். மனுஷன் அப்படித்தான். திட்டும்போது ஊருக்கே கேட்கும், விசாரிக்கும்போது கிளாஸுக்குத்தான் கேட்கும்.

இங்கே வேலை மோசமில்லை. பரிமாறுபவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெரிய மனிதர், பன்னிரண்டு வருஷத்து ஒயினைத் திறக்கச் சொல்லிவிட்டு, அதில் ஐஸ் கட்டி போடச் சொன்னார். நான் போடமாட்டேன் என்றேன். "காசு உங்களுதா என்னுதா?" என்றார். "காசு உங்களோடதுதான் சார். பாவம் என்னோடது" என்றேன். மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அது வேறு கதை.

ஏப்ரல் முதல் ஞாயிறு. சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வருகிறேன். பாட்டிலை வெள்ளிக்கிழமையே நிமிர்த்தி வைத்துவிடு. அதற்குள் கசடு ஏராளமாகச் சேர்ந்திருக்கும்.

நீ அடிக்காமல் எழுதிய வரிக்குப் பதிலாக ஒரு கேள்வி. எந்த அறையில் படுக்கை போடுவாய் என்று கேட்டால் கோபித்துக்கொள்வாயா? நான் கேட்காமல் இருந்தால் இன்னும் கோபித்துக்கொள்வாய் என்பதால் கேட்டுவைக்கிறேன்.

அன்புடன்,
உன் நாக்கு

---

பிப்ரவரி 9, ஞாயிறு
மதியம் ஒரு மணி

அன்புள்ள நாக்காருக்கு,

முதலில் தொழில்.

கார்க் பாதியில் முறிந்துவிட்டது. மிச்சத்தைப் பல் பிடுங்குவதுபோல் மெதுவாக எடுத்தேன். துணியில் வடிகட்டிக் குடுவைக்கு மாற்றினேன். நிறம்: நடுவில் இன்னும் மாதுளை, விளிம்பில் செங்கல். போன வருஷம் விளிம்பு இத்தனை அகலம் இல்லை.

முதல் பத்து நிமிஷம் வாசமே இல்லை. மூடிய வீட்டைத் திறந்தால் வருமே ஒரு மக்கல், அவ்வளவுதான். போயிற்று என்றே நினைத்தேன். எழுந்துபோய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் அறை முழுக்க அதுதான். காய்ந்த பிளம் பழம், அப்புறம் பென்சில் சீவிய மரத்தூள், பழைய தோல் பையின் உள்பக்கம். மழை நின்றபின் மரத்தடியில் கிடக்கும் இலை. எதுவும் எதையும் இடிக்கவில்லை. பெரிய குடும்பத்தில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, யாரும் குரல் உயர்த்தாமல் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

வாயைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. அது உங்கள் ராஜ்ஜியம். ஆனாலும்: துவர்ப்பு இருக்கிறது, தேட வேண்டியிருக்கிறது. மூன்று திராட்சையில் கேபர்னே எலும்பு மாதிரி நிற்கிறது. அதன் மேல் மெர்லோ சதை பிடித்திருக்கிறது. பதினைந்து சதவீதம் போதாது என்று எல்லோரும் சொல்லச் சொல்ல நீங்கள் பிடிவாதமாக நிறுத்தினீர்களே சிரா, அதுதான் விழுங்கிய பிறகும் போகாமல் தொண்டையில் மிளகாக நிற்கிறது. எண்ணிப் பார்த்தேன். நாற்பது எண்ணும்வரை நின்றது.

இனி தொழில் இல்லை.

மிளகு என்று எழுதினாலே எனக்குக் கை நின்றுவிடுகிறது. நான்கு வருஷமாக எழுதாமல் விட்டதை, நீங்கள் வருவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும்.

உங்களுக்கு மிளகு வாசம் தெரியாது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயமாக இருந்தது. குறையில்லை, ஐந்தில் ஒருவருக்கு அப்படித்தான், சிராவில் இருக்கும் அந்த ஒரு வாசத்துக்கு அவர்கள் மூக்கில் கதவே இல்லை என்று படித்தும் காட்டினேன். நீங்கள் நம்பவில்லை. ருசி பார்க்கிறவனுக்கு அது வெட்கக்கேடு என்றீர்கள். அதனால்தான் நான் மேஜையில் பென்சிலால் இரண்டு தட்டு தட்டுவேன். இருந்தால் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. நீங்கள் தாளில் எழுதிக்கொள்வீர்கள். மற்றவர்கள் நம்மை மூக்கும் நாக்கும் என்று கிண்டல் செய்யும்போது எனக்குள் ஒரு பெருமை ஓடும். உண்மை எவ்வளவு என்று இவர்களுக்குத் தெரியாதே என்று.

எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தபோது நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பீப்பாய்கள் திரும்பி வந்தன. வெறும் மிளகுத் தண்ணி என்று வாங்கியவர்கள் எழுதியிருந்தார்கள். எட்டுப் பேர் முன்னால் முதலாளி என்னை உலுக்கினார்: "உன் புருஷன் தூங்கினானா, மூக்க அடகு வச்சானா?" நீங்கள் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். "அவருக்கு மிளகு வாசமே தெரியாது சார். இத்தன வருஷமா நான்தான் பென்சிலால தட்டிக் காட்டுறேன்." உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும். நீங்கள் உங்கள் கிளாஸைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனீர்கள். அந்த ஒழுங்குதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடாதது.

நான் செய்தது தப்பு. காய்ச்சல், பதற்றம், நல்ல எண்ணம் எதையும் துணைக்குக் கூப்பிடாமல் சொல்கிறேன். தப்பு.

படுக்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் அறையில்தான். ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறேன். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா அளவெடுக்க வந்து, "என்ன, வீட்டுக்கு மாப்பிள்ளை வர்றாரா?" என்றாள். பழைய மாப்பிள்ளைதான் என்றேன். "பழசுதான் நல்லா உழைக்கும்" என்றாள்.

ரயில் நிலையத் தபால் பெட்டியை ஞாயிறன்றும் மூன்று மணிக்குத் திறப்பார்கள். ஓடுகிறேன்.

உங்கள்
மூக்கு

---

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

விதிப்படி பதினோரு மணிக்குத் திறந்தேன். உன்னுடையதும் இப்படி இருந்திருக்க வேண்டும் என்று ஆசை.

கார்க் முழுதாக வந்தது. கசடு ஒரு விரற்கடை. ஒரு மணி நேரம் குடுவையில் விட்டுவிட்டுத்தான் முதல் வாய்.

துவர்ப்பைப் பற்றி எழுத வார்த்தை தேடினேன். முதல் வருஷம் அது ஈறைப் பிடித்துக்கொண்டு விடாது, ஞாபகமிருக்கிறதா? இப்போது பட்டுத் துணியை எதிர்ப்பக்கமாகத் தடவினால் விரலில் படுமே ஒரு மெல்லிய சொரசொரப்பு, அவ்வளவுதான். புளிப்பு நாக்கின் இரு ஓரத்திலும் சரியாக வந்து நிற்கிறது. நடுவில் குழி இல்லை. பாதியில் மெர்லோ கொஞ்சம் தளர்கிற மாதிரி இருந்தது. உடனே கேபர்னே பிடித்துக்கொண்டது. இருபதுக்குப் பதினெட்டு. நான் பதினெட்டு போட்டு நீ பார்த்திருக்க மாட்டாய்.

வாசம்: காய்ந்த பழம், தோல், கொஞ்சம் புகையிலை. கடைசியில் மிளகு. பொடித்து டப்பாவில் வைத்தது இல்லை, அந்த நிமிஷம் நசுக்கியது. கொஞ்சம் பொறுத்தால் அதன் பின்னாலிருந்து காய்ந்த ஆரஞ்சுத் தோல், உள்பக்கத்து வெள்ளையின் கசப்போடு.

ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜன்னலோர சீட்.

இந்த ஒயினைக் கலந்த காலத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ தைரியத்தில் கலந்தோம். தெரிந்தபிறகு கலந்த எதுவும் இவ்வளவு நன்றாக வரவில்லை.

அன்புடன்,
உன் நாக்கு

---

பிப்ரவரி 13, வியாழன்

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. வாசற்படியில் நின்றபடியே படித்தேன். துவர்ப்பைப் பற்றி எழுதிய இடத்தில் சிரித்தேன். பதினெட்டு மதிப்பெண்ணுக்குச் சத்தமாகவே சிரித்தேன். அதற்கடுத்த பத்தியில் ஒரு வார்த்தை இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கையெழுத்துவரை படித்துவிட்டு, திரும்ப அதனிடம் வந்தேன்.

பழைய கடிதங்கள் நான்கையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். நான்கிலும் மிளகு இல்லை. என் கடிதங்களில் எல்லாம் உண்டு, உங்களுடையதில் ஒன்றில்கூட இல்லை. உங்களுக்கு இதைச் சொன்னதில்லை: ஒவ்வொரு வருஷமும் உங்கள் கடிதத்தில் நான் முதலில் தேடுவது அந்த இல்லாமையைத்தான். தட்டிக் காட்ட ஆளில்லாததால் விட்டுப்போன இடம் அது. அதை என்னுடைய இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதினீர்களோ என்றும் யோசித்தேன். நான் மிளகு என்று மட்டும்தான் எழுதுவேன். அந்த நிமிஷம் நசுக்கியதா, பொடித்து வைத்ததா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. கையால் தினமும் நசுக்குகிறவருக்குத்தான் தெரியும்.

முதலாளிக்குக் காட்டுவதற்காகச் சின்னக் குப்பி ஒன்றை விளிம்புவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். அதை எடுத்து, குளிர் விடும்வரை காத்திருந்து ஊற்றினேன். நாலு நாளில் கொஞ்சம் சோர்ந்திருந்தது. ஆனாலும் பொறுத்துப் பார்த்தேன். இருக்கிறது. மிளகுக்குப் பின்னால், ஆரஞ்சுத் தோல், உள்பக்கத்து வெள்ளையின் கசப்போடு. பதினோரு வருஷமாக எனக்குத் தெரியாமல் அதற்குள் இருந்திருக்கிறது.

நல்ல மூக்கு. என்னுடையதைவிட நல்ல மூக்கு. தொழில்காரியாக இதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

யார் அது?

உங்கள் பதில் எதுவாக இருந்தாலும், பொய்யாக மட்டும் இருக்க வேண்டாம்.

மூக்கு

---

மார்ச் 2

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்துப் பதில். இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் எழுதினேனே, பெஞ்சில் மாவுக் கையோடு உட்கார்ந்திருந்தவள் என்று. அவள்தான். நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு பாட்டில் திறப்பேன் என்று கேள்விப்பட்டு, "நானும் மோந்து பாக்கலாமா?" என்று கேட்டாள். வரச் சொன்னேன். நான் வாயில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கிளாஸுக்குள் மூக்கை விட்டபடி சொல்லிக்கொண்டே போனாள். கை தானாக எழுதிக்கொண்டது. ஏழெட்டு வருஷம் இன்னொருவர் மூக்கைத் தன் எழுத்தில் எழுதிய கை. தபாலில் போட்டபிறகும் எனக்கு உறைக்கவில்லை. உன் கடிதம் வந்தபிறகுதான் அந்த வரியைப் பார்த்தேன். அதாவது உன் மூலமாகத்தான் என்னையே பார்த்தேன். எப்போதும் போல.

எங்களுக்குள் என்ன என்று கேட்பாய். எதுவும் முடிவாகவில்லை. ஆனால் அந்த நாளில், அந்த மணிக்கு, அந்தப் பாட்டிலுக்கு எதிரே ஒருத்தியை உட்கார வைத்தேன். அது ஒன்றுமில்லை என்று எழுதினால் அது நீ வேண்டாமென்ற பொய்யாகிவிடும்.

அவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், எனக்கு மிளகு வாசம் தெரியாது என்று. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சாதாரணமாக வந்துவிட்டது. அவள், "அப்படியா? எனக்கு இந்தக் காது கேக்காது. அந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நான் எழுந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது தோள் இரண்டும் லேசாக இருந்தது.

அந்த எட்டுப் பேர் முன்னால் நடந்ததற்கு நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். நீ கேட்க வேண்டியதே இல்லை. சிரித்தவர்களை நான் அந்த வாரமே மறந்துவிட்டேன். நான் போனது அதற்காக இல்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நான்கு வருஷம் துவர்ப்பைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ ஒவ்வொரு தடவை மேஜையில் தட்டும்போதும் நான் ஒரு அங்குலம் சின்னவனானேன். நீ அன்பாகத்தான் தட்டினாய். அது எனக்குத் தெரிந்ததால்தான் சொல்ல முடியவில்லை. ருசி பார்க்கும் அறையில் மட்டும் இல்லை. சாப்பிடும்போது, யாராவது வீட்டுக்கு வந்தால், நான் ஏதாவது சொல்வதற்கு முன்னால் உன் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். நீ இல்லாத பத்து நாளில்தான் முதல் முறையாக நானே ஒன்றைத் தீர்மானித்தேன். தப்பாகத் தீர்மானித்தேன். உன் மேல் எனக்குக் கோபம் வந்தது அந்தக் கூட்டத்தில் இல்லை. பீப்பாய் திரும்பி வந்ததும் நீ காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து, "பரவாயில்ல, இனிமே நான் ஒரு நாள்கூட லீவு போடமாட்டேன்" என்று சொன்னாயே, அப்போதுதான்.

இதையெல்லாம் எழுதியபிறகும் ஒன்று சொல்கிறேன். டிக்கெட் என்னிடம்தான் இருக்கிறது. நீ வா என்று ஒரு வார்த்தை எழுது, வருகிறேன். வந்தால் திரும்பிப் போகமாட்டேன். அவளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். நீ எனக்குச் செய்ததற்கெல்லாம் நான் அவ்வளவாவது செய்ய வேண்டும்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன்.

நாக்கு

---

மார்ச் 11

வர வேண்டாம். ஏப்ரல் முதல் வாரம் முழுக்கப் பாட்டில் அடைக்கும் வேலை. ஞாயிறும் உண்டு. டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

---

ஏப்ரல் 6, ஞாயிறு

அன்புள்ள நாக்காருக்கு,

பாட்டில் அடைக்கும் வேலை என்று எழுதியது பொய். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே மார்ச் பாதியிலேயே அது முடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன? பொய் வேண்டாம் என்று உங்களிடம் கேட்டுவிட்டு நானே சொன்னேன். அதற்குப் பரிகாரமாகத்தான் இந்தக் கடிதம்.

"வாருங்கள்" என்று மூன்று தடவை எழுதினேன். ஒற்றை வார்த்தை. ஒரு தடவை உறையில் போட்டு, தபால் பெட்டிவரை போனேன். அதன் வாய்க்குள் பாதி நுழைத்துவிட்டேன். நீங்கள் வந்திருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திரும்பிப் போகவும் மாட்டீர்கள், சொன்னால் சொன்னதுதான். "அவ்வளவாவது செய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் என் கையைப் பின்னால் இழுத்தது. நம் அறையில், அந்தப் புதுத் திரைக்குக் கீழே, எனக்கு அவ்வளவாவது செய்துகொண்டே ஒருவர் வயசாகிக்கொண்டிருப்பதை என்னால் தினமும் பார்க்க முடியாது.

நீங்கள் எழுதியதை நிறைய யோசித்தேன். முதலில் கோபம். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது அங்குலம் அளந்து காட்டுகிறாரே என்று. அப்புறம் ஒருநாள் வேலையில் உட்கார்ந்திருந்தபோது, என்னையறியாமல் பென்சிலைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. வெறும் மேஜை. அப்போது எனக்குள் சின்னதாக ஒன்று கூசியது. அதைப் பிடித்துப் பார்த்தேன். சந்தோஷம். உங்களுக்கு நான் வேண்டும் என்கிற சந்தோஷம், ஒவ்வொரு தட்டிலும் அது இருந்திருக்கிறது. உங்களுக்கு மிளகு தெரியாமல் இருந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் அதை அன்பு என்றே எண்ணியிருந்தேன். அன்பும்தான். ஆனால் உங்கள் காதுக்கு மற்றதுதான் கேட்டிருக்கிறது.

வேறு ஒருத்தி அதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். "அந்தப் பக்கம் வந்து உக்காருங்க." எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இன்றைக்கு ஆறாவதைத் திறந்துவிட்டேன். நாள் குறித்தாகிவிட்டது, பாட்டிலையும் வெள்ளிக்கிழமையே நிமிர்த்தியாகிவிட்டது. மறுபடி படுக்க வைக்க மனசில்லை. தனியாகத் திறக்கவும் மனசில்லை. கீழே போய்த் தையல்கார அக்காவைக் கூட்டி வந்தேன். அவள் இதற்கு முன் ஒயினைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து உட்கார்ந்தாள். நான் வடிகட்டுவதை, குடுவைக்கு மாற்றுவதை, விளக்குக்கு எதிரே பிடிப்பதை எல்லாம் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது குடிக்கவா, குளிப்பாட்டவா?" என்றாள்.

ஊற்றிக் கொடுத்தேன். மடக்கென்று ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதுக்கா பதினோரு வருஷம்?"

"ஏன்க்கா, நல்லா இல்லையா?"

"வாயெல்லாம் என்னவோ பண்ணுது. மருந்து மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கயோ கொண்டுபோய் விடுது." அப்புறம் கிளாஸை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் ஊத்து. எங்கன்னு பாக்கணும்."

சிரித்தேன். சிரிப்பு போய்க்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அக்கா நாடாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "திரைத் துணி மிச்சம் இருக்கு, மூஞ்சியத் துடைக்கப் போறதா இருந்தா அத எடு, முந்தானைய வீணாக்காத" என்று மட்டும் சொன்னாள். அழுது முடிக்கும்வரை இருந்தாள். பாட்டிலும் முடிந்தது. தாள் எடுத்து வைத்திருந்தேன், ஒன்றும் எழுதவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

வக்கீலிடமிருந்து வாங்கிய விவாகரத்துத் தாள்கள் இதனோடு இருக்கின்றன. மூன்று இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்கு எந்த இடம் என்று பென்சிலால் குறிக்கலாம் என்று எடுத்தேன். குறிக்கவில்லை. படித்துப் பார்த்து நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

உங்களிடம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதை அடுத்த பிப்ரவரிவரை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். என் கார்க் இரண்டு தடவையும் முறிந்தது, அதனால் கார்க் திருகியை நேராக இறக்குங்கள், அவசரப்படாதீர்கள். ஒரு நாள் முன்னதாக நிமிர்த்தி வையுங்கள். குடுவையில் ஒரு மணி நேரம் அதிகம், அரை மணி போதும். இந்த வயசில் ரொம்ப நேரம் காற்றுப் பட்டால் தாங்காது. அவளுக்கு முதல் கிளாஸை ஊற்றுங்கள், அவசரப்படுத்தாமல் மோந்து பார்க்க விடுங்கள்.

என்ன இருந்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மூக்கு